பழைய சீடி புது மெஷினில் ஓடுமா? பிளேஸ்டேஷன் கதை, புதிதாக வருகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பதுளை, பண்டாரவளைப் பக்கம் செகண்ட் ஹேண்ட் கேம் மெஷின் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து வருகிற கேள்விதான் முக்கியமானது: "அண்ணா, வீட்ல இருக்குற பழைய சீடி இதுல ஓடுமா?" கடைக்காரர் அநேகமாக "ஓடும் தம்பி, எல்லாம் ஓடும்" என்பார். ஓடலாம், ஓடாமலும் போகலாம். அந்த மெஷின் எந்த வருடத்து மாடல், எந்த நாட்டுக்காகச் செய்தது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சோனி 1994 முதல் விற்றுவரும் பிளேஸ்டேஷன் குடும்பத்தின் கதையை இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

முதலில் அடிப்படை. கன்சோல் என்பது கேம் விளையாடுவதற்கென்றே செய்த கம்ப்யூட்டர். டிவியில் மாட்டி, கன்ட்ரோலரைக் கையில் பிடித்து விளையாடுகிறோம். உள்ளே வேலை செய்கிற முக்கியமான சில்லுக்குப் பெயர் பிராசஸர். ஒரு கேம் என்பது அந்தப் பிராசஸருக்குப் புரிகிற கட்டளைகளின் நீண்ட வரிசை. ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை புதுத் தலைமுறை மெஷின் வரும்போது பிராசஸரும் மாறும். வேறு வகைப் பிராசஸருக்குப் பழைய கட்டளைகள் புரியாது, அதனால் பழைய கேமும் ஓடாது.

ஓட வைக்க மூன்று வழி உண்டு. பழைய சில்லையே புது மெஷினுக்குள்ளும் வைத்துவிடலாம். இல்லையென்றால் பழைய மெஷினைப் போல நடிக்கிற மென்பொருள் ஒன்றை எழுதலாம். இதை எமுலேஷன் என்பார்கள். மூன்றாவதாக, பழைய கட்டளைகளும் புரிகிற மாதிரியான புதுப் பிராசஸரைத் தேர்ந்தெடுக்கலாம். சோனி மூன்றையும் செய்து பார்த்திருக்கிறது. ஒருமுறை எதையும் செய்யாமல் கையை விரித்தும் இருக்கிறது.

நின்டெண்டோ கழற்றிவிட்ட கதை

1980களின் முடிவில் வீட்டுக் கேம் சந்தை பெரும்பாலும் நின்டெண்டோ என்ற ஜப்பான் கம்பெனியின் கையில் இருந்தது. சோனி அப்போது டிவிக்கும் வாக்மேனுக்கும் பெயர் போன கம்பெனி. அங்கே கேம் என்றால் பொம்மை வியாபாரம் என்று நினைத்த பெரியவர்கள் நிறைய. கென் குடராகி என்ற சோனி இன்ஜினியர் மட்டும் வேறு மாதிரி நினைத்தார். நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் மெஷினுக்கு ஒலிச் சில்லை வடிவமைத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பழக்கத்தில் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து சீடி டிரைவ் உள்ள ஒரு மெஷினைச் செய்ய ஒப்பந்தம் போட்டன.

1991 ஜூனில் சிகாகோவில் நடந்த கண்காட்சியில் சோனி அந்த மெஷினை 'பிளே ஸ்டேஷன்' என்ற பெயரில் அறிவித்தது. மறுநாளே அதே கண்காட்சியில், நாங்கள் பிலிப்ஸுடன் சேரப் போகிறோம் என்று நின்டெண்டோ அறிவித்துவிட்டது. சீடியில் வரும் கேம்களின் மீதான உரிமை சோனியிடம் போய்விடும்படி ஒப்பந்தம் இருந்ததுதான் காரணம்; நின்டெண்டோ தலைவர் ஹிரோஷி யமவுச்சிக்கு அது பிடிக்கவில்லை. ஊர் முன்னால் அவமானப்பட்ட சோனியில், தலைவர் நோரியோ ஓகா குடராகியின் பக்கம் நின்றார். தனியாகவே ஒரு மெஷினைச் செய்வது என்று முடிவானது. நின்டெண்டோவுக்காகச் செய்த மாதிரி மெஷின்களில் ஒன்று பல வருடம் கழித்து ஒரு பழைய சாமான் குவியலில் அகப்பட்டு, 2020இல் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது தனிக்கதை.

முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பர் 3இல் ஜப்பானிலும், 1995 செப்டம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்தது. அமெரிக்காவில் விற்பனைக்கு வருவதற்கு முன் மே மாதம் ஒரு கண்காட்சி. போட்டிக் கம்பெனியான சேகா, தன் சாட்டர்ன் மெஷினுக்கு 399 டாலர் என்று அறிவித்திருந்தது. சோனியின் முறை வந்ததும் ஸ்டீவ் ரேஸ் என்ற அதிகாரி மைக் முன்னால் வந்தார். "299" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

விலை மட்டும் வெற்றிக்குக் காரணமில்லை. நின்டெண்டோ 64 மெஷினின் கேம்கள் கெசட்டில், அதாவது உள்ளே சில்லு வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் வந்தன. மிகப் பெரிய கெசட்டிலும் 64 மெகாபைட்தான் கொள்ளும், செய்ய செலவும் அதிகம். ஒரு சீடியில் 650 மெகாபைட்டுக்கு மேல் கொள்ளும், அச்சடிக்கச் செலவும் கொஞ்சம்தான். அதுவரை நின்டெண்டோவுக்கே கேம் செய்துகொண்டிருந்தவர்கள் சோனி பக்கம் சாய்ந்தார்கள். 1997இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 7 மூன்று சீடியில் வந்தது. கெசட்டில் அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. முதல் பிளேஸ்டேஷன் மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்றது.

கறுப்பு அடி, நீல அடி

கையில் ஒரு பழைய டிஸ்க் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் அது பிஎஸ்1இன், அதாவது முதல் பிளேஸ்டேஷனின் ஒரிஜினல் சீடி. நீலமாக இருந்தால் அடுத்த தலைமுறையான பிஎஸ்2க்கு வந்த சீடி. வெள்ளியாக இருந்தால் பிஎஸ்2 டிவிடியாக இருக்கலாம், கொப்பி அடித்ததாகவும் இருக்கலாம். நம் பக்கத்தில் புழங்கியவற்றில் பெரும்பாலானவை கொப்பி என்பதால், ஒரிஜினலுக்கு அடிப்பக்கம் கறுப்பு என்பதே நம்மில் பலருக்குப் பிறகுதான் தெரிந்தது.

கறுப்பு நிறம் கொப்பியைத் தடுக்கவில்லை, அது வெறும் அழகுக்கு. உண்மையான பூட்டு கண்ணுக்குத் தெரியாது. ஒரிஜினல் டிஸ்கின் உள்வட்டத்தில், லேசர் ஓடுகிற தடம் மிக நுட்பமாக ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்துக்குள் நான்கு ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருக்கும். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா ஒவ்வொன்றுக்கும் கடைசி எழுத்து வேறு. மெஷின் முதலில் அந்த நான்கு எழுத்தைத் தேடும். சாதாரண சீடி ரைட்டரால் அந்த ஆட்டத்தை எழுத முடியாது, அதனால் கொப்பியில் அது இருக்காது, மெஷின் ஏற்காது. வேறு நாட்டுக்குச் செய்த ஒரிஜினலும் இதே இடத்தில்தான் மாட்டும்.

'சிப் அடித்த மெஷின்' என்று கடைகளில் சொல்வது இந்தப் பூட்டை ஏமாற்றிய மெஷினைத்தான். பைசா அகலத்தில் ஒரு சின்னச் சில்லை உள்ளே ஈயம் வைத்து ஒட்டுவார்கள். மெஷின் எழுத்துகளைத் தேடும் நேரத்தில் அந்தச் சில்லே அவற்றை அனுப்பிவிடும். அப்புறம் கொப்பியும் ஓடும், எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும்.

நாடு மாறுவதில் இன்னொரு ஆபத்து கரண்ட். நம் பிளக்கில் வருவது 230 வோல்ட். ஜப்பானுக்கென்று செய்த பழைய பிஎஸ்1, பிஎஸ்2 மெஷின்களில் பல 100 வோல்ட்டுக்கு உரியவை. வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ ஆசையாகக் கொண்டுவந்த பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்காமல் பிளக்கில் செருகாதீர்கள். 100 என்று இருந்தால் டிரான்ஸ்போமர் வேண்டும்.

மலையகத்துக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. சீடி, டிவிடி டிரைவுள்ள எந்த மெஷினின் லென்ஸுக்கும் ஈரம் ஆகாது. குளிரில் கிடந்த மெஷினைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே போட்டால் லென்ஸில் நீர் படியும் என்று சோனியின் கையேடுகளே சொல்கின்றன. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மாசக்கணக்கில் மிஸ்ட் இறங்கும் வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். டிஸ்க் படிக்கவில்லை என்றால், கழற்றிப் பார்க்கும் முன் இரண்டு மூன்று மணி நேரம் காய்ந்த இடத்தில் சும்மா வைத்துப் பாருங்கள்.

பழைய சில்லை உள்ளேயே வைத்த பிஎஸ்2

2000 மார்ச் 4இல் ஜப்பானில் பிஎஸ்2 வந்தது. சோனி இந்த முறை எடுத்தது முதல் வழி. பிஎஸ்1இன் பிராசஸரையே பிஎஸ்2க்குள் வைத்தார்கள். புதுக் கேம் ஓடும்போது அது கன்ட்ரோலர், மெமரி கார்ட் போன்ற எடுபிடி வேலைகளைக் கவனிக்கும். பழைய சீடியைப் போட்டால் தானே பிஎஸ்1 ஆகிவிடும். செலவு வீணாகாத, அழகான யோசனை என்று எனக்குத் தோன்றும். கிட்டத்தட்ட எல்லா பிஎஸ்1 கேமும் பிஎஸ்2இல் ஓடியதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒரு இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். பிஎஸ்1 கேமை பிஎஸ்2இல் போட்டு விளையாடலாம். விளையாடியதை சேவ் செய்ய பிஎஸ்1இன் மெமரி கார்ட்தான் வேண்டும். பிஎஸ்2இன் 8 மெகாபைட் கார்டை மட்டும் மாட்டியிருந்தால் கேம் ஓடும், ஆனால் கார்ட் இல்லை என்று சொல்லும். பழைய கார்டில் 128 கிலோபைட்தான் இடம், அதை 15 பிளாக்காகப் பிரித்திருப்பார்கள். கேம் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கார்டைக் கழற்றினாலோ கரண்ட் போனாலோ அந்த சேவ் கெட்டுப்போகும். மரம் முறிந்து லைனில் விழுகிற காற்று மாதத்தில், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பிஎஸ்2 டிவிடி படமும் போடும். டிவிடி பிளேயர் விலை உயர்ந்த சாமானாக இருந்த காலம் அது. ஒரே பெட்டியில் படமும் கேமும் என்றால், வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்கப் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம் கிடைத்தது. 2004இல் மெல்லிய மாடல் வந்தது. 2013 தொடக்கத்தில்தான் உற்பத்தி நின்றது. 15 கோடிக்கு மேல் விற்றது, வேறு எந்தக் கன்சோலையும் விட அதிகம். லயத்து வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பிளேஸ்டேஷன் என்று தேடினால் பெரும்பாலும் இந்த மெல்லிய பிஎஸ்2தான் அகப்படும்.

இடையில் கையடக்க மெஷின்களும் வந்தன. 2004இல் பிஎஸ்பி, 2011இல் வீட்டா. பிஎஸ்பி யுஎம்டி என்ற குட்டி டிஸ்கில் ஓடியது, நன்றாகவே விற்றது. வீட்டா நல்ல மெஷின்தான், ஆனால் சோனியே அதைச் சீக்கிரம் மறந்துவிட்டது.

சங்கிலி அறுந்த இடம்

2006 நவம்பரில் வந்த பிஎஸ்3தான் இந்தக் கதையில் சிக்கலான மெஷின். சோனி, தோஷிபா, ஐபிஎம் மூவரும் சேர்ந்து செல் என்ற புது மாதிரிப் பிராசஸரைச் செய்தார்கள். அதற்குள் பொதுவான வேலைகளுக்கு ஒரு முக்கியப் பகுதி, கணக்குப் போடுவதற்கென்றே பல சின்னப் பகுதிகள். ஒரு கங்காணியும் அவருக்குக் கீழே கொழுந்து எடுக்கிறவர்களும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கூடையிலும் 256 கிலோபைட்தான் கொள்ளும். கூடை எப்போது நிறையும், எப்போது கொட்ட வேண்டும், அடுத்து எந்த நிரை என்பதையெல்லாம் கங்காணி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வேலை பிரமாதமாக நடக்கும். சொல்லத் தெரியாவிட்டால் ஆட்கள் சும்மா நிற்பார்கள். கேம் எழுதுகிறவர்கள்தான் அந்தக் கங்காணி. முதல் இரண்டு மூன்று வருடம் பலருக்கும் அது பிடிபடவில்லை.

விலையும் பயமுறுத்தியது. அமெரிக்காவில் 20 ஜிபி மாடல் 499 டாலர், 60 ஜிபி 599. டிவிடியை விட அதிகம் கொள்ளும் புளூ-ரே டிஸ்கைப் படிக்கிற டிரைவ் விலையை ஏற்றியது. அதோடு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த முதல் மாடல்களில் பிஎஸ்2இன் சில்லுகளையும் உள்ளே வைத்திருந்தார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் சோனி முதலில் கை வைத்தது அங்கேதான். 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த மாடலில் பிஎஸ்2 பிராசஸரை எடுத்துவிட்டு, பாதி சில்லு பாதி மென்பொருள் என்று சமாளித்தார்கள்; சில கேம்கள் தகராறு செய்தன. அந்த வருடக் கடைசியில் வந்த 40 ஜிபி மாடலில் அதுவும் போய்விட்டது. 2009இல் 299 டாலருக்கு வந்த ஸ்லிம்மிலும் கிடையாது.

ஆகவே பிஎஸ்3 வாங்கும்போது "பிஎஸ்2 சீடி ஓடும்" என்று யாராவது சொன்னால், எந்த மாடல் என்று கேளுங்கள். பிஎஸ்1 சீடி மட்டும் எல்லா பிஎஸ்3இலும் ஓடும், காரணம் அது எமுலேஷன், சில்லு தேவையில்லை. நல்ல விஷயம் ஒன்றும் உண்டு: பிஎஸ்3 கேம் டிஸ்குகளுக்கு நாட்டுப் பூட்டு அநேகமாக இல்லை. டுபாயில் வாங்கினதும் ஓடும், சிங்கப்பூரில் வாங்கினதும் ஓடும்.

2013 நவம்பரில் பிஎஸ்4 வந்தபோது சோனி செல்லைத் தூக்கிப் போட்டுவிட்டது. மெஷினை வடிவமைத்த மார்க் செர்னியின் தலைமையில், சாதாரண கம்ப்யூட்டர்களில் இருக்கிற வகைப் பிராசஸரை ஏஎம்டி என்ற சில்லுக் கம்பெனியிடம் வாங்கி வைத்தார்கள். எழுதுகிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் செல்லுக்காக எழுதிய கேம்களை நடித்துக் காட்டுகிற அளவு வேகம் அந்தப் பிராசஸருக்கு இல்லை. பிஎஸ்3 டிஸ்க் பிஎஸ்4இல் ஓடாது. பிஎஸ்5இலும் ஓடாது, சில பிஎஸ்3 கேம்களை மாதச் சந்தா கட்டி இணையம் வழியாக ஸ்ட்ரீம் செய்யலாம் என்பதோடு சரி. பிஎஸ்1, பிஎஸ்2 டிஸ்க்குகளுக்கும் இந்த இரண்டு மெஷினிலும் இடமில்லை. பிஎஸ்3இல் நல்ல கேம்கள் வைத்திருப்பவர்கள் அந்த மெஷினையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

டிஸ்க் கைமாறுகிற ஊருக்கு

பிஎஸ்4 வந்த வருடத்தில் ஒரு சண்டை நடந்தது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் மெஷினில், ஒருவர் வாங்கிய டிஸ்கை இன்னொருவருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு வைக்கப் பார்த்தது. சோனி ஒரு குட்டி வீடியோ போட்டது: பிஎஸ்4இல் கேமை நண்பருக்குக் கொடுப்பது எப்படி? ஒருவர் டிஸ்கை நீட்டுகிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான் வீடியோ. மெஷினும் 399 டாலர், போட்டியாளரை விட 100 குறைவு. கடைசியில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. பிஎஸ்4 11 கோடிக்கு மேல் விற்றது.

அந்த வீடியோ அமெரிக்கர்களுக்கு நக்கல். நமக்கு அது அன்றாட விஷயம். ஒரு டிவிஷனில் ஒரு பையன் கேம் வாங்கினால் அது நாலு வீடு சுற்றி வரும், முடித்ததும் டவுன் கடையில் கொடுத்து வேறொன்று மாற்றிக்கொள்ளலாம். டவுன்லோட் செய்த கேமை இப்படி மாற்ற முடியாது. பெரிய கேம்கள் 100 ஜிபியைத் தாண்டுகின்றன. டேட்டா பேக்கேஜை நம்பி இருக்கிற வீட்டில் அது ஒரு மாசத்து டேட்டாவையே விழுங்கிவிடும். பிஎஸ்4இலும் பிஎஸ்5இலும் டிஸ்க் போட்டாலும் கேம் உள்ளே இன்ஸ்டால் ஆகும், விளையாடும்போது டிஸ்கும் டிரைவில் இருக்க வேண்டும். பிறகு வருகிற அப்டேட்டுகளுக்கு டேட்டா செலவாகத்தான் செய்யும். ஆனாலும் முழுக் கேமையும் இறக்குவதை விட அநேகமாகக் குறைவு.

டவுன்லோட் வழிக்கு இன்னொரு தடங்கல். சோனியின் இணையக் கடையில் கணக்குத் தொடங்க நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இங்குள்ளவர்கள் இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் என்று வேறு நாட்டுக் கணக்கு வைத்துத்தான் காலம் தள்ளுகிறார்கள். அந்தக் கணக்கில் காசு போட கிஃப்ட் கார்ட் வாங்கினால், கார்டும் அதே நாட்டுடையதாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கார்டை இந்தியக் கணக்கு ஏற்காது.

பிஎஸ்5 2020 நவம்பரில் வந்தது. இதில்தான் மூன்றாவது வழி: பிராசஸர் பிஎஸ்4இன் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, பல மடங்கு வேகமானது. அதனால் 4,000க்கு மேற்பட்ட பிஎஸ்4 கேம்களில் கிட்டத்தட்ட எல்லாமே இதில் ஓடும். கேம்களைச் சேமித்து வைக்க உள்ளே இருக்கிற எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒரு நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். கேம் திறக்கும் வரை காத்திருக்கிற நேரம் மிகவும் குறைந்துவிட்டது. டிரைவ் உள்ள மாடல் 499 டாலர், டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 399 என்று அறிமுகமானது. டாலர் 200 ரூபாயாக இருந்தபோது 499 டாலர் என்பது ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2022இல் டாலர் 360 அளவுக்கு ஏறியபோது அதே மெஷின் ஏறக்குறைய 1,80,000 ரூபாய், அதுவும் வரியும் கடை லாபமும் சேர்ப்பதற்கு முன்.

இப்போது என்ன வாங்குவது? என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டிரைவ் நன்றாக வேலை செய்கிற செகண்ட் ஹேண்ட் பிஎஸ்4 போதும். மலிவு, டிஸ்க் கிடைக்கும், நாளைக்கு பிஎஸ்5க்குப் போனாலும் அதே டிஸ்க்குகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அப்படிப் போகும்போது டிஜிட்டல் பிஎஸ்5ஐ வாங்கிவிட்டால் கையில் இருக்கிற டிஸ்க் அத்தனையும் அலுமாரிக்குத்தான். 2023 கடைசியில் வந்த மெல்லிய பிஎஸ்5இன் டிஜிட்டல் மாடலுக்கும், 2024இல் டிரைவ் இல்லாமலே 699 டாலருக்கு வந்த பிஎஸ்5 புரோவுக்கும் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். ஆனால் அந்த டிரைவை முதல்முறை மாட்டும்போது மெஷின் இணையத்தில் போய்ப் பதிவு செய்துகொள்ளும். உங்கள் தோட்டத்தில் சிக்னல் இல்லையென்றால், டவுனிலேயே கடைக்காரரை மாட்டச் சொல்லி, ஒரு டிஸ்கையும் போட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.